டாக் ஷோ சோபாவில் காமெடி ஜோடி: 7 நிமிடத்தைக் கையில் வைத்துக்கொள்வது எப்படி?

கேள்வி: நாங்கள் இருவரும் ஜோடியாக மேடைக் காமெடி செய்கிறோம். ஒரு டிவி டாக் ஷோவில் விருந்தினர்களாக 7 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நின்று செய்யும் ஐட்டம் இல்லை, தொகுப்பாளருடன் உட்கார்ந்து பேச வேண்டும். மேடையில் செய்வதையே அங்கேயும் பேசலாமா? எப்படித் தயாராவது?

பதில்: மேடை ஐட்டத்தை அப்படியே சோபாவில் உட்கார்ந்து ஒப்பிக்காதீர்கள். ஐட்டம் நன்றாகவே இருக்கலாம். ஆனால் அது இரண்டு பேருக்காக எழுதியது, அங்கே பேசப்போவது மூன்று பேர். டாக் ஷோவில் ஜோடிகள் சொதப்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தொகுப்பாளரை யாரோ வெளியாள் மாதிரி நினைத்துக்கொண்டு இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அவர் கையில் கேள்வி அட்டையோடு சிரித்த முகமாகக் காத்திருப்பார். வீட்டில் பார்க்கிறவருக்கு அடுத்த வீட்டுச் சண்டையை ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல இருக்கும்.

எந்த ஜோடியிலும் ஒருவர் பேச்சை எடுத்துக்கொடுப்பார், ஒருவர் ஜோக் அடிப்பார். மன்சாய் என்ற ஜப்பானிய ஜோடிக் காமெடியில் இதற்குப் பெயரே உண்டு: ஏடாகூடமாகப் பேசுகிறவர் போகே, 'என்னய்யா உளறுகிறாய்' என்று திருத்துகிறவர் சுக்கோமி. நம் ஆட்களுக்கு 1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழம் போதும். செந்தில் தன் கணக்கிலிருந்து ஒரு அங்குலம் நகர மாட்டார். கவுண்டமணிக்குக் கோபம் படிப்படியாக ஏறும். தப்பு செய்கிறவர் செந்தில், நாம் பார்த்துக்கொண்டிருப்பது கவுண்டமணியின் முகத்தை. நியாயம் பேசுகிறவரின் பொறுமை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதில்தான் அந்தக் காட்சியே ஓடுகிறது. எடுத்துக்கொடுப்பதை இரண்டாம் தர வேலையாக நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்காவின் அபாட்–காஸ்டெல்லோ காமெடி ஜோடி மேடையில் இருந்த காலத்தில் சம்பளத்தில் நூற்றுக்கு 60 பங்கு எடுத்துக்கொடுத்த அபாட்டுக்கு, 40 பங்கு சிரிக்க வைத்த காஸ்டெல்லோவுக்கு.

இப்போது சிக்கலுக்கு வருவோம். டாக் ஷோ தொகுப்பாளரும் வேலையின் இயல்பால் எடுத்துக்கொடுப்பவர்தான். கேள்வி கேட்பார், நியாயமாக யோசிப்பார், ஆச்சரியப்படுவார். ஆக, உங்களில் எடுத்துக்கொடுப்பவருக்கு அங்கே வேலை போய்விட்டது. அவர் வாயை மூடிக்கொண்டால் ஜோடி பாதியாகிவிடும். தன் வேலையை விடாமல் செய்தால் இரண்டு பேர் சேர்ந்து ஒருவரைக் குடைவது போல ஆகும், சிரிப்பு பரிதாபமாக மாறும். இந்த ஏற்பாட்டை முதலில் தீர்மானித்துவிட்டு, அப்புறம் ஜோக் எழுத உட்காருங்கள்.

பலன் தருகிற ஏற்பாடு இரண்டு. ஒன்று, தொகுப்பாளர் ஒருவரே நியாயமானவர், நீங்கள் இருவரும் ஆளுக்கொரு விதமாகக் கோணல். மற்றது, எடுத்துக்கொடுப்பவர் தொகுப்பாளர் பக்கம் சாய்ந்து, 'இவரை வைத்துக்கொண்டு நான் படும் பாட்டைப் பார்த்தீர்களா' என்று முறையிடுவது. இரண்டாவது சுலபம், ஆனால் 2 நிமிடத்துக்கு மேல் போனால் சலிக்கும். முதல் பாதியை முறையீட்டில் தொடங்கி, நடுவில் முறையிடுகிறவரும் கோணல்தான் என்று காட்டிவிடுங்கள். அங்கிருந்து தொகுப்பாளர் தனியாக மாட்டிக்கொள்வார். நல்ல தொகுப்பாளர் அதை ரசித்து விளையாடுவார். யார் எந்த வேடம் என்பதைக் கல்வெட்டாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஜார்ஜ் பர்ன்ஸ்–கிரேஸி ஆலன் என்ற அமெரிக்கக் காமெடி ஜோடி சேர்ந்தபோது ஜோக் எல்லாம் பர்ன்ஸுக்கு, கேள்விகள் ஆலனுக்கு என்றுதான் எழுதப்பட்டது. கூட்டம் ஆலனின் கேள்விகளுக்கே சிரித்தது. பர்ன்ஸ் வேடத்தை மாற்றிக்கொண்டார்.

ஒரு துண்டை அருகில் வைத்துப் பார்ப்போம். 'எப்படிச் சந்தித்தீர்கள்?' எந்த ஜோடியிடமும் கட்டாயம் கேட்கப்படும் கேள்வி. பலரும் இருவருமாகச் சேர்ந்து உண்மைக் கதையைச் சொல்வார்கள், ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடிப்பார், ஒரு நிமிடம் போய்விடும், சிரிப்பு வராது. இப்படி எழுதிப் பாருங்கள்:

தொகுப்பாளர்: ரெண்டு பேருக்கும் எப்படிப் பழக்கம்?
எடுத்துக்கொடுப்பவர்: ஒரே பெஞ்சுல உட்கார்ந்து படிச்சோம் சார். பன்னிரண்டு வருஷம்.
அடிப்பவர்: அவர் படிச்சார். நான் உட்கார்ந்தேன்.
தொகுப்பாளர்: பன்னிரண்டு வருஷமும் உட்கார்ந்தே இருந்தீங்களா?
அடிப்பவர்: இல்லைங்க, நடுவுல நாலு வருஷம் நிக்க வச்சுட்டாங்க.
எடுத்துக்கொடுப்பவர் (தொகுப்பாளரிடம், தாழ்ந்த குரலில்): அந்த நாலு வருஷம்தான் சார் எனக்குப் படிப்பு ஏறுச்சு.

இது 20 வினாடி. இதில் உள்ள வேலையைக் கவனியுங்கள். முதல் பதில் சாதாரணத் தகவல், அதில் சிரிப்புக்கான சாயல்கூட இல்லை. எடுத்துக்கொடுப்பவர் அதைச் சொல்லும்போதே கண்ணால் சிரித்தால் எல்லாம் போச்சு. இரண்டாம் வரி புதிதாக எதையும் கொண்டுவரவில்லை, 'உட்கார்ந்து படிச்சோம்' என்பதை இரண்டாகப் பிளக்கிறது, அவ்வளவுதான். அதனால் வேகமாக வர வேண்டும், விளக்கம் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம். 'பன்னிரண்டு வருஷமுமா' என்று யாராக இருந்தாலும் கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கு ஒரு கொக்கியைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். தொகுப்பாளர் தானாகக் கேட்டதாக நினைப்பார், அவர்தான் உங்களுக்கு எடுத்துக்கொடுத்திருப்பார். கடைசி அடி எதிர்பாராத ஆளிடமிருந்து வருகிறது, இதுவரை பொறுப்பாக இருந்தவரும் ஆள் சரியில்லை என்று தெரிகிறது. ஒருவேளை தொகுப்பாளர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் வெறுமனே சிரித்தால், ஒரு மூச்சு விட்டு, எடுத்துக்கொடுப்பவரே 'பன்னிரண்டு வருஷமும் உட்காரலையே நீ' என்று கேட்டுவிடலாம். ஒவ்வொரு கொக்கிக்கும் இப்படி ஒரு மாற்று வரி கையில் இருக்கட்டும். இல்லையென்றால் தொகுப்பாளர் அடுத்த அட்டைக்குப் போய்விடுவார்.

கூலிக்கு ஜோக் எழுதுகிறவர்கள் பலர் தொகுப்பாளருக்கும் வசனம் எழுதிக்கொடுத்துவிடுவார்கள். அது வேண்டாம். எழுதிக்கொடுத்த கேள்வி வாயில் வரும்போதே எழுதியது என்று தெரிந்துவிடும்.

நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்பு அந்தப் பகுதியைக் கவனிக்கும் தயாரிப்பாளர் போன் செய்து நீண்ட நேரம் பேசுவார். அந்தப் பேச்சின் குறிப்புகள்தான் தொகுப்பாளர் கையில் அட்டையாக மாறுகின்றன. இந்த அழைப்பைச் சும்மா அறிமுகம் என்று நினைத்து அலட்சியமாகப் பேசுவது முதல் தவறு. இருவரும் ஒரே அழைப்பில் இருங்கள். தனித்தனியாகப் பேசினால் ஒரே சம்பவம் இரண்டு விதமாக அட்டையில் ஏறும், தொகுப்பாளர் தவறான ஆளிடம் தவறான கேள்வியைக் கேட்பார். 5 அல்லது 6 விஷயம் கொடுங்கள், அதில் 3 கேட்கப்பட்டால் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10, 12 கொடுத்தால் எது பலமானது என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள், உங்கள் தேர்வாக இருக்காது.

பஞ்சை, அதாவது சிரிப்பு வெடிக்கும் வரியை, தயாரிப்பாளரிடம் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். இல்லையென்றால் அந்தக் கேள்வியை ஏன் கேட்க வேண்டும் என்று அவருக்கே தெரியாது. ஆனால் அட்டையில் கேள்வி மட்டும் இருக்கட்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அட்டையில் முழுக்க எழுதியிருந்தால் தொகுப்பாளர் ஆர்வத்தில், 'பள்ளியில் உங்களை நாலு வருஷம் நிற்க வைத்துவிட்டார்களாமே?' என்று தொடங்குவார். அதற்கு மேல் நீங்கள் சொல்ல 'ஆமாம்' தவிர ஒன்றும் மிச்சமில்லை.

7 நிமிடம் என்பது 7 நிமிடம் இல்லை. உள்ளே வருவது, கைகுலுக்குவது, கைதட்டல் அடங்கி உட்காருவது எல்லாம் சேர்த்து 30 முதல் 40 வினாடி. உங்கள் நிகழ்ச்சியின் வீடியோத் துண்டு போட்டால் இன்னொரு 30, 40. கடைசியில் 'அடுத்த நிகழ்ச்சி எப்போது, எங்கே' என்பதற்கு 30. மிச்சம் ஐந்தேகால் நிமிடம் போல. அதிலும் சிரிப்பு நன்றாக வந்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் அதுவே தின்றுவிடும், தொகுப்பாளர் பேச்சு ஒரு நிமிடம். உங்கள் வாய்க்கு மூன்றே நிமிடம்தான் கிடைக்கும். 40 முதல் 50 வினாடியில் முடியும் துண்டுகள் நான்கு இருந்தால் அது நிரம்பிவிடும், ஐந்தாவது கைக்காவலுக்கு. ஜப்பானில் மன்சாய் ஜோடிகளுக்காக 2001-ல் தொடங்கிய எம்-1 கிராண்ட் ப்ரீ போட்டியின் இறுதிச் சுற்றிலேயே ஒரு ஜோடிக்கு 4 நிமிடம்தான். வருடம் முழுக்கச் செதுக்கிவிட்டு 4 நிமிடத்துக்குத்தான் வருகிறார்கள்.

நேரலையா, பதிவா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். பதிவு என்றால் பெரும்பாலும் கூடுதலாகப் பிடித்து வெட்டுவார்கள். அப்போது முதல் நிமிடத்தில் விதைத்துவிட்டு ஆறாம் நிமிடத்தில் அறுக்கும் ஜோக் ஆபத்து. விதை வெட்டுப்பட்டால் அறுவடை மட்டும் ஒளிபரப்பாகும், பார்க்கிறவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. விதையும் அறுவடையும் ஒரே துண்டுக்குள் இருக்கட்டும். முடியாதென்றால் பதிவு முடிந்த கையோடு தயாரிப்பாளரிடம் 'அந்த பெஞ்சு விஷயத்தை வைத்தால்தான் கடைசி ஜோக் நிற்கும்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அதே நாளில் சொன்னால் கேட்பார்கள். எடிட் முடிந்த பிறகு யாரும் மறுபடி திறக்க மாட்டார்கள்.

யார் எங்கே உட்காருவது? தொகுப்பாளருக்குப் பக்கத்தில் சிரிக்க வைப்பவர் உட்கார வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எடுத்துக்கொடுப்பவரை நடுவில் போடுவதே மேல். அவர் தொகுப்பாளரிடம் கேள்வியை வாங்கி, கூட்டாளி பக்கம் திரும்பி, உளறலைக் கேட்டு, அந்த முகத்தோடு மறுபடி தொகுப்பாளர் பக்கம் திரும்புவார். அந்தத் திருப்பமே ஒரு சிரிப்பு. கடைசியில் உட்கார்ந்திருக்கும் அடிப்பவருக்குத் தொகுப்பாளரும் கூட்டாளியும் ஒரே திசையில் இருப்பதால் யாரைப் பார்த்துப் பேசினாலும் முகம் கேமராவுக்குக் கிடைக்கும். மாற்றிப் போட்டால், அடிப்பவர் கூட்டாளியிடம் பேசும் ஒவ்வொரு முறையும் பின்மண்டைதான் தெரியும். இதில் ஒரு குறையும் உண்டு: தொகுப்பாளரையும் பக்கத்து விருந்தினரையும் மட்டும் காட்டும் ஷாட்டில் ஓரத்தில் இருப்பவர் விழமாட்டார். அதனால் அவர் முன்னால் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தால் நல்லது. பின்னால் சரிந்தால் காணாமல் போவார்.

பெயர் வரிசையையும் பாருங்கள். பிரிட்டிஷ் டிவி ஜோடி ஆன்ட்–டெக் கேமரா முன்னால் ஆன்ட் இடப்பக்கம், டெக் வலப்பக்கம் என்று பார்ப்பவர் கண்ணுக்குப் பெயர் வரிசையிலேயே நிற்பார்கள். உங்களை யாரென்றே தெரியாத நேயருக்கு, திரையில் கீழே வரும் பெயர்ப்பட்டையும் உட்கார்ந்திருக்கும் வரிசையும் ஒத்துப்போனால் பாதிக் குழப்பம் தீரும். நடுவில் இருக்க வேண்டியவர் பெயர் வரிசையில் இடிக்கிறதென்றால் பட்டையில் பெயர்களை மாற்றிப் போடச் சொல்லுங்கள். முதல் அரை நிமிடத்தில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவதும் நல்ல பழக்கம். குரலும் வேறுபட்டுத் தெரிய வேண்டும். அபாட்–காஸ்டெல்லோ 1938-ல் பாடகி கேட் ஸ்மித்தின் வானொலி நிகழ்ச்சியில் பேசத் தொடங்கியபோது இருவர் குரலும் ஒன்றுபோல இருக்கிறதென்று புகார் வந்தது. காஸ்டெல்லோ சுருதியைத் தூக்கிக் கீச்சுக் குரலில் பேச ஆரம்பித்தார். டிவியையும் பாதிப் பேர் வேறு வேலை செய்துகொண்டு காதால்தான் பார்க்கிறார்கள்.

கேமரா பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். பொதுவாக ஒன்று எல்லோரையும் சேர்த்துக் காட்டும், ஒன்று தொகுப்பாளரை, ஒன்று விருந்தினர் இருவரையும், ஒன்று பேசுகிறவரை மட்டும். இயக்குநர் யார் வாய் திறக்கிறாரோ அவருக்கு வெட்டுவார், அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். ஒற்றைச் சொல் கவுண்டர், அதாவது பதிலடி, அந்த நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே 'ஓஹோ', 'யாரு, நீயா?' போன்ற குட்டிக் கவுண்டர்கள் மேடையில் தூக்கினாலும் இங்கே கேமரா வேறு முகத்தில் இருக்கும்போதே செத்துப்போகும். அவை வரும் பகுதி எது என்று ஒத்திகையில் காட்டிவிடுங்கள், அந்த இடத்தில் இருவரையும் ஒரே ஃப்ரேமில் வைத்திருப்பார்கள். எழுந்து நிற்பது, தரையில் விழுவது, சோபாவைச் சுற்றி ஓடுவது எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் எழுந்தால் தலை வெட்டுப்பட்ட ஷாட்தான் ஒளிபரப்பாகும். விளக்கு விழும் எல்லையையும் தாண்டியிருப்பீர்கள்.

அதைவிட முக்கியம் பேசாமல் இருப்பவரின் முகம். மேடையில் கூட்டம் பேசுகிறவரைப் பார்க்கும். டிவியில் இயக்குநர் கேட்கிறவர் முகத்துக்கு வெட்டுவார், பஞ்சு விழுந்த மறுகணம் குறிப்பாக அங்கேதான் போவார். அந்த நேரத்தில் அவர் தன் அடுத்த வரியை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணில் அப்பட்டமாகத் தெரியும். பலமுறை கேட்ட ஜோக்கை முதல்முறை கேட்பது போலக் கேட்கும் பயிற்சி எடுத்துக்கொடுப்பவருக்கு வேண்டும். விழுந்து விழுந்து சிரிப்பதும் தப்பு. கூட்டாளியின் ஜோக்குக்கு ஒவ்வொரு முறையும் நீங்களே சிரித்தால் நேயர் சிரிக்க வேண்டிய இடத்தை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். 7 நிமிடத்தில் ஒரு முறை, அடக்கமுடியாமல் வந்தால் சரி.

லாரல்–ஹார்டி ஜோடியில் ஹார்டி ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் நேராகக் கேமராவைப் பார்ப்பார். அதை இங்கே செய்ய ஆசை வரும். டாக் ஷோவில் லென்ஸைப் பார்த்துப் பேசுவது தொகுப்பாளரின் சொத்து. நீங்கள் பார்த்தால், அந்த நொடியில் எந்தக் கேமரா ஓடுகிறதென்று தெரியாமல் வேறு எதையோ முறைத்துக்கொண்டிருப்பீர்கள். அதே பார்வையைத் தொகுப்பாளரை நோக்கித் திருப்புங்கள். அவர் முகத்தில் விழும் எதிரொலியையும் கேமரா பிடிக்கும், ஒரு பார்வைக்கு இரண்டு சிரிப்பு.

மைக் விஷயத்தில் ஜோடிகளுக்கென்றே சில கோளாறுகள் உண்டு. மன்சாய் ஜோடிகள் மேடை நடுவில் ஒரே மைக்கைப் பகிர்ந்துகொள்வார்கள். அந்தச் சோனி சி-38பி மைக்குக்குச் சன்பாச்சி என்று செல்லப்பெயரே உண்டு. டாக் ஷோவில் ஆளுக்கொரு காலர் மைக். தாடைக்குக் கீழே 15, 20 சென்டிமீட்டரில் குத்துவார்கள். ஒரு மைக்குக்கும் அடுத்த மைக்குக்கும் இடைவெளி, வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல 3 மடங்காவது இருக்க வேண்டும் என்பது ஒலிக்காரர்களின் கணக்கு. அதாவது 20 சென்டிமீட்டர் என்றால் 60. தோளோடு தோள் உரசி உட்கார்ந்தால் ஒருவர் குரல் இரண்டு மைக்கிலும் சிறு கால வித்தியாசத்தில் ஏறி, டப்பாவுக்குள் பேசுவது போலக் குரல் கெட்டுப்போகும். இருவருக்கும் நடுவில் ஒரு கை அகலம் விடுங்கள். கூட்டாளி காதில் ரகசியம் சொல்வது மாதிரி நடிக்கும் ஜோக் இருந்தால் அதை ஒலிப்பதிவாளரிடம் முன்பே சொல்லுங்கள். மைக்கை நீங்கள் அதிகம் திரும்பும் பக்கத்தில் குத்தச் சொல்லுங்கள். நெஞ்சில் தட்டுவது, கூட்டாளியின் மார்பில் குத்துவது இரண்டும் கூடாது, ஸ்பீக்கரில் வெடி மாதிரி கேட்கும். அடிக்க வேண்டுமென்றால் மைக் இல்லாத பக்கத்துத் தோளில் அடியுங்கள்.

ஒருவர் பேசும்போது மற்றவர் மைக்கைக் குறைத்து வைப்பது ஒலிப்பதிவாளர்களின் பழக்கம். குறுக்கே பேசினால் முதல் எழுத்துகள் விழுங்கப்படும். 'நீயா சொன்ன' என்பது 'யா சொன்ன' என்றுதான் வெளியே போகும். குறுக்கீட்டுக்கு முன்னால் 'இரு இரு' என்று வீணாகப் போனாலும் கவலையில்லாத இரண்டு சொல்லைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உடையில் பொடிக் கட்டமும் மெல்லிய கோடும் கேமராவில் அலை அடிப்பது போல மின்னும், தவிர்த்துவிடுங்கள்.

சிரிப்புக்கு நிறுத்துவது மேடையில் பழகியதுதான், ஆனால் ஸ்டூடியோவில் கணக்கு மாறும். பார்வையாளர் மைக்குகள் மேலே தொங்கும். உங்கள் காதுக்குச் சிரிப்பு குறைவாகக் கேட்கும், ஒளிபரப்பில் அதிகமாக இருக்கும். சிரிப்பு வரவில்லை என்று பயந்து அடுத்த வரிக்கு ஓடுவதுதான் வழக்கமான விபத்து. உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கிய பிறகு பேசுங்கள், முழுக்க அடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இருவரில் ஒருவரே இந்த நிறுத்தத்துக்குப் பொறுப்பு என்று பேசிக்கொள்ளுங்கள். அவர் மூச்சு இழுத்தால்தான் மற்றவர் வாய் திறக்கலாம். நிஜமாகவே சிரிப்பு வராவிட்டால் அந்த வரியைத் திருப்பிச் சொல்லாதீர்கள், தொகுப்பாளரைப் பாருங்கள். அவர் ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவார், அந்தச் சிரிப்பு உங்கள் கணக்கிலும் சேரும்.

முடிவு எப்போதும் தொகுப்பாளருடையது. ஸ்டூடியோ தளத்தைக் கவனிக்கும் ஃப்ளோர் மேனேஜர் விரலால் காட்டும் நேரம் அவர் கண்ணுக்குத்தான் தெரியும். அவர் 'சரி, உங்கள் நிகழ்ச்சி...' என்று தொடங்கினால் நடந்துகொண்டிருக்கும் ஜோக்கை அங்கேயே விட்டுவிடுங்கள். தேதியும் இடமும் சொல்லும் வேலை எடுத்துக்கொடுப்பவருக்கு. ஒரே மூச்சில், ஜோக் கலக்காமல் சொல்ல வேண்டும். தேதிக்குள் ஜோக் வைத்தால் சிரிப்பில் தேதி மூழ்கிவிடும், வந்த வேலையே அதுதான். அடிப்பவர் வேண்டுமானால் அதற்குப் பின்னால் ஒரு வரி போடலாம்.

ஒத்திகைக்கு மூன்றாவது ஆள் ஒருவரைப் பிடியுங்கள், காமெடி தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. அட்டைகளை அவர் கையில் கொடுத்து, வரிசையைக் கலைத்துக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு கேள்வியைத் தவறான ஆளிடம் கேட்கட்டும். ஒன்றில் பஞ்சை அவரே உடைத்துவிடட்டும். ஒன்றை நடுவில் வெட்டிவிட்டு 'சரி, உங்கள் நிகழ்ச்சி' என்று போகட்டும். போன் ஸ்டாப்வாட்சைப் போட்டு, எழுந்து கைகுலுக்குவதிலிருந்து 5 முறை ஓட்டுங்கள். 5 முறையும் தேதி வாயில் வந்திருந்தால் போய் உட்காரலாம்.